அளவுகோல் வைக்காத பூ

நடுத்தேரித் தாவரத் தோட்டத்தின் நூற்றுப்பதினேழாம் எண் செடியில் கட்டைவிரல் நகமளவு பூத்திருந்த கள்ளிமுளையான் பூ, ஒரு விடியலில் ஆறடி அகலத்துக்கு விரிந்து நின்றதற்கு, அலுவலக மேசையின் ஒரு கால் குட்டையாக இருந்ததுதான் காரணம் என்று பிற்பாடு நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

அந்த மேசை முப்பது வருஷமாக ஆடிக்கொண்டுதான் இருந்தது. அதன்மேல் யாரும் அழுத்தி எழுதியதில்லை என்பதால் அந்த ஆட்டம் யாருக்கும் தொந்தரவாக இல்லை. பங்குனி மாதம் ஒரு முற்பகலில் தலைநகரிலிருந்து வந்து இறங்கிய மதிப்பீட்டு அலுவலர் கனகசபாபதி அழுத்தி எழுதுகிறவர். ஒவ்வொரு எழுத்துக்கும் மேசை ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. தோட்டக் கண்காணிப்பாளர் தவசிமுத்து, பதவியில் கண்காணிப்பாளர் என்றாலும் சுபாவத்தில் மன்னிப்புக் கேட்கிறவர், கண்ணில் பட்ட ஆறங்குல எஃகு அளவுகோலை எடுத்து மடித்த காகிதத்தோடு சேர்த்து மேசைக் காலுக்கு அடியில் சொருகினார். மேசை நின்றது. அலுவலர் நிம்மதியாக ‘தரிசு’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

தோட்டம் பதினாலு ஏக்கர். சுற்றிலும் சிவப்பு மணல், அதாவது தேரி. நடுவில் உலகத்தின் வறண்ட தேசங்களிலிருந்தெல்லாம் விதையாகவும் குச்சியாகவும் வந்து வேர்விட்ட நானூற்றுப் பன்னிரண்டு செடிகள். கள்ளி, கற்றாழை, பானைபோல உருண்டு முள்ளைப் போர்த்திக்கொண்டவை, கயிறுபோலத் தரையில் ஊர்கிறவை, கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடந்து, மிதிக்கப்போகும் கடைசி நொடியில்தான் செடி என்று தெரிகிறவை. ஊர்க்காரர்கள் அதை முள்ளுத்தோட்டம் என்பார்கள். உள்ளே போகிற எவரும், மந்திரியானாலும் மணப்பெண்ணானாலும், வாசலில் இருக்கும் வேப்பம்புண்ணாக்குக் கரைசல் தொட்டியில் செருப்போடு இறங்கி ஏற வேண்டும். வெளியிலிருந்து மாவுப்பூச்சி உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. கனகசபாபதியும் தன் பளபளப்பான ஷூவோடு அதில் இறங்கித்தான் வந்திருந்தார். வந்ததிலிருந்து அவருடைய பாதம் நாறியது. அந்தக் கோபமும் ‘தரிசு’ என்ற அந்தச் சொல்லில் இருந்திருக்கலாம்.

அவருடைய படிவத்தில் இரண்டே கேள்விகள் இருந்தன. செடிக்கு இலை உண்டா? இல்லையென்றால், ஒரு சாணுக்குக் குறையாத பூவாவது உண்டா? இரண்டும் இல்லாத நிலம் தரிசு எனக் கொள்ளப்படும்; தரிசு நிலம் எதுவாயினும் சரக்கு லாரி நிறுத்தத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும். தவசிமுத்து தயங்கித் தயங்கி, இந்தச் செடிகளுக்கு முள்தான் இலை, வெயிலுக்குப் பயந்து இலையைச் சுருட்டி முள்ளாக்கி வைத்திருக்கின்றன என்று சொல்லிப் பார்த்தார். முள்ளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்றார் அலுவலர். ஒரு சாண் அகலத்துக்குப் பூக்கிற கள்ளி நாலைந்து உண்டு, ஆனால் அவை இருட்டிய பிறகே விரியும் என்றார் தவசிமுத்து. அலுவலக நேரம் ஐந்தே முக்காலோடு முடிகிறது என்றார் அலுவலர்.

அந்த அளவுகோல் சந்தனமாரியுடையது. இருபத்து மூன்று வருஷமாகத் தோட்டத்தில் தினக்கூலியாக இருந்தவள்; வேலை, செடிகளைப் படம் எடுப்பது. ஒவ்வொரு செடிக்கும் வருஷத்துக்கு ஒருமுறை பதிவேட்டுக்காக மூன்று படம்: முழுச்செடி, முள், பூத்திருந்தால் பூவின் நெருக்கப் படம். சாக்கை விரித்துக் குப்புறப் படுத்து, காற்றுக்கு ஆடும் காம்பைத் துணி கிளிப்பால் கம்பியோடு பிடித்து, கறுப்புக் குடையால் வெயிலை வடிகட்டி, லென்ஸைப் பூவின் முகத்துக்கு நாலு விரல் தூரம்வரை கொண்டுபோய், மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பாள். எறும்பு வந்தால் விரட்டமாட்டாள்; அது தன் காரியத்தை முடித்துக்கொண்டு போகும்வரை பொறுப்பாள். பனித்துளி மாதிரி தெரிவதற்காகத் தண்ணீர் தெளிக்கச் சொன்னால், அது பூவுக்குப் பவுடர் போடுகிற வேலை என்பாள். எல்லாப் படத்திலும் பூவுக்குப் பக்கத்தில் அந்த எஃகு அளவுகோல் இருக்கும். பூ எவ்வளவு சிறியது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. பார்க்கிறவர்களுக்கு மட்டுமல்ல, பூவுக்கும் அது தெரிந்துகொண்டிருந்தது என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு அவள் தேடியபோது அளவுகோல் மேசைக்கு அடியில் இருந்தது, மேசைமேல் அலுவலர் இருந்தார். கள்ளிமுளையான் பூ வெயிலுக்குக் காத்திருக்காது. எனவே சந்தனமாரி வாழ்க்கையில் முதல் தடவையாக அளவுகோல் வைக்காமல் ஒரு பூவைப் படம் எடுத்தாள்.

தோட்டத்துக்கு எதிரே, சாலையின் மறுபக்கம், நான் பிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் ஒரு பாலைவன தேசத்தில், இன்னும் கட்டப்படாத கட்டடங்களுக்குப் பிரம்மாண்டமான படங்களை அச்சடித்துவிட்டு வந்தவன். அந்தப் பாலைவனத்தில் ஒரு செடியையும் நான் குனிந்து பார்த்ததில்லை. தோட்டத்தில் பாத்திக்குப் பக்கத்தில் வைக்கும் பலகைக்காக அவள் கொண்டுவந்த படத்தை ஆறடிக்கு அச்சடித்தேன். கருஞ்சிவப்பு இதழில் புலிவரி, ஓரமெல்லாம் நுண்மயிர், நடுவே கிரீடம் மாதிரி ஒன்று. பலகையைச் சாயங்காலம் நட்டார்கள். அது செடியைப் பார்த்தபடி நின்றது. பூ தன் படத்தைப் பார்த்தது. பக்கத்தில் அளவு சொல்ல ஒன்றும் இல்லை. விடிந்தபோது அது தன் படத்தின் அளவில் இருந்தது.

முதலில் வந்தது வாடை. கள்ளிமுளையான் ஈக்களை அழைப்பதற்காக லேசாக அழுகல் வாடை விடும். மூக்கை ஒட்டினால்தான் தெரியும் அது, ஆறடிப் பூவிலிருந்து பஸ் நிலையம்வரை வந்தது. முதல் நாள் மூக்கைப் பொத்தினோம், இரண்டாம் நாள் சலித்துக்கொண்டோம், மூன்றாம் நாள் வாசலில் டீக்கடை வைத்திருக்கும் மீரான் பாய் டீயில் இஞ்சியைக் கூட்டினார், நான்காம் நாள் அந்த இஞ்சி டீயைக் குடிக்கவே பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வந்தது. மதிய வெயிலில் ஒதுங்க மரமில்லாத அந்தத் தோட்டத்தில் முதல்முறையாக நிழல் விழுந்தது. இதழுக்குக் கீழே யார் படுப்பது என்று இரண்டு தெருக்காரர்களுக்குச் சண்டை வந்து, இதழ் ஐந்து இருக்கிறது, தெருவும் ஐந்துதான் என்று ஒருவர் எண்ணிச் சொன்னதும் தீர்ந்தது. வாசலில் மல்லிகை விற்கும் பேச்சித்தாய் பூவை ஒரு சுற்று சுற்றிவந்து, இதை முழம் போட முடியாது, தேர்ச்சக்கரத்துக்குத்தான் சூட்டலாம் என்று தொழில்முறையில் அபிப்பிராயம் சொன்னாள். யாரோ அதற்கு ஒரு கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருந்தார்கள், ‘நூற்றுப்பதினேழு, தாவரத் தோட்டம்’ என்று முகவரி எழுதி. தபால்காரர் அதை எண் வில்லையின் கம்பியில் சொருகிவிட்டுப் போனார். எறும்புகளுக்குத்தான் கஷ்டம். முன்பு ஒரு நிமிஷத்தில் கடந்த பூவை இப்போது ஒன்றரை மணி நேரம் நடந்தன. ஆனாலும் நடந்தன.

எல்லோரும் சந்தனமாரியிடம் வந்தார்கள். ஒருவர் தன் மிளகாய்ச் செடியைப் படம் எடுக்கச் சொன்னார். காரமும் சேர்ந்து பெருக்கும், ஊர் தாங்காது என்று அனுப்பிவிட்டாள். ஒரு அம்மாள் தன் மூக்குத்தியைக் கழற்றி நீட்டினாள். மூக்கு தாங்காது என்றாள் சந்தனமாரி. அவள் மனசெல்லாம் படிவத்தின் இரண்டாவது கேள்வியில் இருந்தது. ஒரு சாண் பூ கேட்டார்கள், இங்கே எட்டு சாண் நிற்கிறது, பட்டப்பகலில், அலுவலக நேரத்தில்.

தவசிமுத்து கடிதம் எழுதினார். கனகசபாபதி வந்தார், தொட்டியில் இறங்கி ஏறினார், பூவைப் பார்த்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு அவர் சொன்னதன் சாரம் இது: அவருடைய கண் கோப்பில் சேராது, கோப்பில் படம்தான் சேரும், அளவுகோல் இல்லாத படம் செல்லாது. அப்படியானால் இப்போது அளவுகோலை வைத்து எடுக்கட்டும் என்றார்கள். ஆறடிப் பூ முழுவதும் படத்தில் விழுகிற தூரத்துக்குப் போனால் ஆறங்குலக் கோல் நூல்போலத் தெரியும், எண்களைப் படிக்க முடியாது, எண்களைப் படிக்க முடியாத அளவுகோல் அளவுகோல் ஆகாது என்றார் அவர். பிறகு பதிவேட்டைப் புரட்டினார். நூற்றுப்பதினேழாம் எண்ணுக்குப் போன வருஷப் படம் இருந்தது, பக்கத்தில் அளவுகோலோடு, பூவின் அகலம் முக்கால் அங்குலம் என்று தெளிவாக. பதிவேட்டுக்கு முரணான பலகை பொதுமக்களைத் திசைதிருப்பும். அதை எடுத்துவிட்டுப் பதிவேட்டுப் படத்தை வையுங்கள் என்று உத்தரவிட்டார்.

“அளவு இல்லாத படம் பொய்ம்மா” என்றார் சந்தனமாரியிடம், கொஞ்சம் இரக்கத்தோடுதான்.

“எறும்புகிட்டக் கேட்டுப் பாருங்க சார், எது பொய்ன்னு” என்றாள் அவள்.

பழைய படம் வைக்கப்பட்டது. பூ அதைப் பார்த்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது முக்கால் அங்குலமாகிவிட்டது. ஐந்து தெருக்காரர்களும் வெயிலில் எழுந்து உட்கார்ந்தார்கள். மீரான் பாய் அன்றைக்கு இஞ்சி போட மறந்துவிட்டார், யாரும் கேட்கவில்லை. அவ்வளவு நாள் நாங்கள் பொறுத்துக்கொண்ட அந்த வாடை இல்லாமல் ஊர் வெறிச்சென்று இருந்தது.

அதற்குப் பிறகு சித்திரையிலிருந்து புரட்டாசிவரை நடந்ததை ஊர் இப்போதும் வரிசை தவறாமல் சொல்லும். சந்தனமாரி அளவுகோலைத் திரும்ப எடுக்கவே இல்லை. அது மேசைக்கு அடியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஐம்பத்திரண்டாம் எண் சப்பாத்திக்கள்ளியை அளவுகோல் இல்லாமல் எடுத்தாள், அது மஞ்சளாகப் பந்தல் அளவுக்கு விரிந்தது, பதிவேட்டுப் படத்தோடு ஆள் வந்தது, சுருங்கியது. தொண்ணூறாம் எண் கற்றாழையை எடுத்தாள், பீரங்கிபோல ஒரு பூங்குழல் ரோட்டுவரை நீண்டது, ஆள் வந்தது, சுருங்கியது. முப்பத்தொரு பூவை எடுத்தாள், முப்பத்தொரு தடவையும் ஆள் வந்தது. தலைநகரிலிருந்து ஆறு புது அளவுகோல்களை, ஒவ்வொரு படத்திலும் தவறாமல் வைக்கவும் என்ற கடிதத்தோடு அனுப்பினார்கள். அவள் அவற்றை நாற்றங்காலில் சாய்ந்து நின்ற ஆறு கன்றுகளுக்கு முட்டுக் கொடுத்தாள். கன்றுகள் நன்றாக நிமிர்ந்தன. விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு, அளவுகோல்கள் பயன்பாட்டில் உள்ளன என்று தவசிமுத்து பதில் எழுதினார். அவர் வாழ்க்கையில் மன்னிப்புக் கேட்காமல் எழுதிய முதல் கடிதம் அது என்று நினைக்கிறேன்.

ஐப்பசி பத்தாம் தேதி புல்டோசர் வரும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

அன்றைக்கு டீக்கடையில் மீரான் பாய் கேட்டதை, அதுவரை எங்கள் எல்லோர் மனதிலும் இருந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. “ஏ மாரி, கிட்டப் போய் எடுத்தா பெருசாகுதுல்லா? அப்போ அந்த ஆபீசரை, ரோட்டுக்கு அந்தப் பக்கத் தண்ணித்தொட்டி மேல ஏறி நின்னு தூரமா ஒண்ணு எடுத்து அவருகிட்டயே காட்டிட்டா என்ன? சட்டைப்பையில போட்டு அனுப்பிரலாம்.”

சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினோம், அது நடக்கும் என்று தோன்றியதால்.

சந்தனமாரி டம்ளரைக் கீழே வைத்தாள். “இருபத்து மூணு வருஷமா என் பேருக்கு எதிர்ல தற்காலிகம்னே எழுதுதாவ. ஒரு ஆளைச் சின்னதாக்கி வைக்கது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் பாய். அந்த வேலையை நான் பாக்க மாட்டேன். நான் கிட்டப் போறவ.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பேச்சித்தாய் மட்டும், சட்டைப்பை வேண்டாம், ஒரு முழம் குறைத்தால் போதும் என்று முணுமுணுத்துவிட்டுப் பூக்கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சந்தனமாரி என் கடைக்கு வந்து, முப்பதடிக்கு முப்பதடி ஒரு பூவை அச்சடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டாள். பத்தடி அகலத்தில் மூன்று துண்டு, ஒட்டுவதற்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்றேன். எந்தப் பூவாக இருந்தாலும் பதிவேட்டுப் படத்தோடு ஆள் வந்துவிடுவார்களே என்றும் சொன்னேன்.

“நானூத்தி ஒம்பது” என்றாள்.

நானூற்று ஒன்பதாம் எண் வாசல் தூணுக்கு ஒட்டி, வண்டித்தடத்தின் ஓரத்தில், கருங்கல் வளையத்துக்குள் கிடந்தது. கல்லுச்செடி என்போம். பிளந்த கூழாங்கல் மாதிரி இரண்டு தடித்த மடல்கள், அவ்வளவுதான் முழுச்செடியும்; புளியங்கொட்டைக்குக் கொஞ்சம் பெரிது. தூர தேசத்துப் பாலையிலிருந்து விதையாக வந்து பதினோரு வருஷம் ஆகியும் ஒரு தடவைகூடப் பூக்காதது. அதன் பிளவுக்குள் ஒரு வாரமாக மொக்கு ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றாள். மூன்று மணி வெயிலுக்குத்தான் விரியும், பொழுது சாயும்போது கூம்பிவிடும், எந்த நாள் விரியும் என்பது அதற்கே வெளிச்சம்.

“அது பூத்து யாரும் பாத்ததில்ல அண்ணாச்சி. பதிவேட்டுல அதோட பூவுக்குப் படமே கிடையாது. நீ இவ்வளவுதான்னு அதுகிட்ட இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.”

இந்த வாக்கியத்தை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். இரண்டு மொழியில் பள்ளிக்கூடம் போனவன் நான்; இரண்டு மொழியிலும் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது நான் எவ்வளவு என்பதைத்தான்.

ஐப்பசி பத்தாம் தேதி காலை பதினோரு மணிக்கு புல்டோசர் வந்து வாசலில் நின்றது. ஓட்டிவந்தவர் முனிராசு, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். மொக்கு மூடியே இருந்தது. சந்தனமாரி அதன் பக்கத்தில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துவிட்டாள், புல்டோசரின் இரும்புச் சங்கிலிப் பட்டைக்கும் அவள் தலைக்கும் இடையே ஒரு ஆள் நீளம்தான் இருந்தது. அவளுக்கு நான்கு மணி நேரம் வேண்டும். கேட்டால் கிடைக்காது.

அப்போது தவசிமுத்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். தோட்டத்துக்குள் நுழைகிற எதுவும் வேப்பம்புண்ணாக்குக் கரைசலில் பாதம் கழுவ வேண்டும், அது இங்கத்து வழக்கம், மந்திரிக்கும் உண்டு மணப்பெண்ணுக்கும் உண்டு, வண்டிக்கும் உண்டு என்றார். முனிராசு தலையைச் சொறிந்தார்.

“அழிக்கப் போற தோட்டத்துக்குப் பூச்சி வந்தா என்னங்க?”

“அழியிற வரைக்கும் அது தோட்டம் தம்பி” என்றார் தவசிமுத்து.

முனிராசு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மாவுப்பூச்சியிடம் இரண்டு பருவம் பப்பாளியைப் பறிகொடுத்தவர். அவர் என்ஜினை அணைத்தார். ஊரே வாளியோடு வந்தது. இரும்புப் பட்டையின் ஒவ்வொரு கண்ணியையும் தென்னை நாரால் தேய்த்து, கரைசலை ஊற்றிக் கழுவினோம். முடிந்தது என்று அவர் வண்டியை இரண்டடி நகர்த்தியதும் ஈரப் பட்டை முழுக்கத் தேரி மணல் அப்பிக்கொண்டது, மறுபடியும் முதலிலிருந்து கழுவினோம். மறுபடியும் நகர்த்தினார், மறுபடியும் அப்பியது, மறுபடியும் கழுவினோம். ஐந்து தெருக்காரர்களும் முறை வைத்துக் கழுவினார்கள். யாரும் கோஷம் போடவில்லை, யாரும் குறுக்கே விழவில்லை. அவ்வளவு சுத்தமான ஒரு புல்டோசர் அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. நாலாவது தடவை முனிராசுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் இறங்கி மீரான் பாயிடம் பரோட்டா கேட்டார். எப்போதுமே அவசரப்படாத பாய் இன்னும் நிதானமானார். மாவு இப்போதுதான் பிசைந்தேன், ஊற வேண்டும் என்றார்.

மூன்று மணி ஆயிற்று. மூன்று பத்து ஆயிற்று. வாளிகளின் சத்தம் குறைந்தது. கறுப்புக் குடைக்குக் கீழே சந்தனமாரியின் முதுகு ஏறி இறங்குவது நின்றுபோனதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் மூச்சை அடக்கியிருந்தாள். கூழாங்கல் பிளவிலிருந்து வெள்ளை நூல் நூலாக இதழ்கள் வந்தன, ஒரு சட்டைப் பித்தான் அகலத்துக்கு, நடுவில் மஞ்சள் தூளோடு. ஒரு எறும்பு ஏறியது. அன்றைக்கும் அவள் அதை விரட்டவில்லை. பட்டை நகர்ந்துவிடுமோ என்று எங்கள் உயிர் போய்க்கொண்டிருக்க, அவள் அந்த எறும்பு பூவைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் எடுத்தாள்.

ஒரே ஒரு படம். அதை எடுத்துக்கொண்டு, முழங்கையில் ரத்தமும் முகத்தில் மணலுமாகச் சாலையைக் கடந்து என் கடைக்குள் வந்தாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒருமுறை மின்சாரம் போய் வந்தது. அதைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. மூன்று துண்டையும் ஒட்டி, மடித்து, இருபது பேர் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, என் கடைக்குப் பின்னால் உயரமாக நின்ற தண்ணீர்த் தொட்டியின் தூண்களுக்கு நடுவே கயிறு கட்டி ஏற்றியபோது மணி ஐந்து. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. முனிராசு கடைசிப் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். முப்பதடி வெள்ளைப் பூ காற்றில் ஒருமுறை படபடத்து நின்றது.

கல்லுச்செடியின் பூ அதைப் பார்த்தது.

மடல்கள் இரண்டும் முதலில் விரிந்தன, வாசல் தூணை நாகரிகமாக ஒரு பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு. பிறகு இதழ்கள், ஒவ்வொன்றும் படகுத் துடுப்பு அளவு, பிறகு படகு அளவு, புல்டோசருக்கு அடியில் கையை விடுவதுபோல நுழைந்து, அதை அலுங்காமல் தூக்கி நடுவில் வைத்துக்கொண்டன. மஞ்சள் மகரந்தத்துக்கு நடுவே மஞ்சள் வண்டி பொருத்தமாகத்தான் இருந்தது. முனிராசு எழுந்து நின்று பார்த்தார், சாவி சட்டைப்பையில் இருக்கிறதா என்று தடவினார், இன்னொரு டீ சொன்னார். பொழுது சாய்ந்ததும் பூ தன் வழக்கப்படி கூம்பிக்கொண்டது.

மறுநாள் கனகசபாபதி பதினோரு மணிக்கே வந்துவிட்டார். மூன்று மணிவரை பூ திறக்காது என்றார்கள். பதிவேட்டைக் கேட்டார், நானூற்று ஒன்பதுக்குப் பூவின் கட்டம் வெறுமையாக இருந்தது. முன்னும் பின்னும் புரட்டினார், பதினோரு வருஷமும் வெறுமை. டீக்கடையில் உட்கார்ந்தார், பாய் அவருக்கு இஞ்சி டீ கொடுத்தார். மூன்றே காலுக்குப் பூ விரிந்தது, உள்ளே புல்டோசர் பனியில் கழுவினதுபோல இருந்தது. அதை எடுத்துத் தர முடியுமா என்று அலுவலர் கேட்டார். பூ உதிரும்போது இறக்கி வைக்கும் என்றாள் சந்தனமாரி. எப்போது உதிரும் என்றார். இதுவரை பூத்ததில்லை, அதனால் தெரியாது என்றாள்.

வண்டி போன இடத்துக்கு அவர் கணக்குச் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டுமானால் கோப்பில் படம் வேண்டும். படத்தில் அளவுகோல் வேண்டும். எண் தெரிய வேண்டும். முப்பதடிப் பூவுக்குப் பக்கத்தில் ஆறங்குலக் கோலை மனசுக்குள்ளேயே வைத்துப் பார்த்தார் என்று அவர் முகத்தில் தெரிந்தது. நாங்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாவமாகக்கூட இருந்தது.

சந்தனமாரிதான் வழி சொன்னாள். “உங்க அடையாள அட்டையில உயரம் போட்டிருக்கும்லா சார்?”

அவர் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஐந்தடி ஆறங்குலம். கீழே முத்திரையும் இருந்தது.

“பிறகென்ன? எண்ணை அட்டையோட நகல்ல படிச்சுக்கிடட்டும். நீங்களே போய்ப் பக்கத்துல நில்லுங்க.”

அவர் தொட்டியில் இறங்கி ஏறி, போய் நின்றார். அட்டையைத் தெரியும்படி நெஞ்சில் பிடித்துக்கொண்டார். சந்தனமாரி சாக்கை விரிக்கவில்லை, படுக்கவில்லை. தவசிமுத்துவிடம் ஒரு சாதாரண லென்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு, இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பின்னால் நடந்தாள். வாசலைத் தாண்டினாள், சாலையைத் தாண்டினாள், என் கடையைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டியின் படியில் ஏறினாள். பாய் என்னைப் பார்த்தார், நான் பேச்சித்தாயைப் பார்த்தேன். டீக்கடையில் அன்று பேசியது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அவள் எடுத்தாள். அலுவலரை உற்றுப் பார்த்தோம். அவர் அப்படியே இருந்தார், ஐந்தடி ஆறங்குலம்.

படத்தை நான்தான் அச்சடித்தேன், இரண்டு பிரதி. ஒன்று பூவுக்கு எதிரே வைக்க, ஒன்று கோப்புக்கு. முன்னதைப் பூ பார்த்தது. ஐந்தரை ஆள் அகலம் என்று அதற்கு இப்போது தெரிந்துவிட்டது. அந்த அளவிலேயே இருந்துகொண்டது. மற்றதை அலுவலர் மேசையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். வெள்ளையும் மஞ்சளுமாகத் தாள் முழுக்கப் பூ.

“இதுல நான் எங்கேம்மா?”

அவள் குனிந்து, பூவின் காலடியில் ஒரு புள்ளியை விரலால் காட்டினாள்.

“இவ்வளவு சின்னதாவா எடுத்திருக்கே?”

“சின்னதாக்கல சார். உள்ளது உள்ளபடி. அந்தா, அளவுகோல் நிக்கிற இடம்.”

அவர் படிவத்தை எடுத்தார். தரிசு என்று இருந்ததற்குப் பக்கத்தில் ‘அல்ல’ என்று எழுதத் தொடங்கினார், தன் வழக்கப்படி அழுத்தி. பாதியில் நிறுத்தி, விதிப்படி வழங்கப்பட்ட அளவுகோல் எங்கே, அதையும் கோப்பில் குறிக்க வேண்டும் என்றார்.

“உங்க மேசைக்கு அடியிலதான் சார் இருக்கு” என்றாள் சந்தனமாரி. “எடுத்தா எழுத்து ஆடும்.”

அவர் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மீதியை எழுதினார்.